நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை

கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறவளின் பெட்டியை, யார் மேல் கோபமோ அவரே தூக்கிக்கொண்டு வருவது எங்கள் வீட்டில் மட்டும்தான் நடக்கும். அப்பா அப்படித்தான் வந்தார். "என்ன சிட்டு, சுவரையும் பேத்து உள்ள வச்சுட்டியா? இந்தக் கனம் கனக்குது" என்றார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது.

நான் நர்சிங் மூன்றாம் வருஷம். அதுவரை வீட்டிலிருந்துதான் கல்லூரிக்குப் போய் வந்தேன். அன்றைக்குக் காலையில் அந்தம்மா என்னைக் கேட்காமல் என் யூனிஃபார்மை எடுத்து இஸ்திரி போட்டுவிட்டார். அவ்வளவுதான் விஷயம். அதற்கு நான் வீடே இடிகிற மாதிரி கத்தி, ஹாஸ்டலில் காலியாக இருந்த ஒரு கட்டிலுக்குப் போன் போட்டுச் சொல்லிவைத்து, பெட்டியைக் கட்டிவிட்டேன்.

அந்தம்மா என்றால் அப்பாவின் புது மனைவி. அம்மா போய்ப் பல வருஷம் அப்பா தனியாகத்தான் இருந்தார். திடீரென்று ஒருநாள், "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் சிட்டு" என்று ஆரம்பித்தார். நான் "உங்க இஷ்டம்" என்றேன். இந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். அப்பா மட்டும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அந்தம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியும். கூப்பிட மனசில்லை. "இந்தாங்க", "உங்களைத்தான்", அதுவும் இல்லையென்றால் பாத்திரத்தை டங்கென்று வைப்பது. மூன்று மாதம் இப்படியே ஓடியது.

எங்கள் வீட்டில் இரண்டே அறை. நடுவில் இருப்பது பேருக்குத்தான் சுவர். அந்தப் பக்கம் யாராவது புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் எனக்குத் தூக்கம் கலையும். கட்டில் லேசாகக் கிரீச்சிட்டால்கூட நான் விளக்கைப் போட்டு, புத்தகத்தை எடுத்து, சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிடுவேன். கரோனரி ஆர்ட்டரி டிசீஸ் பாடம் எனக்குத் தலைகீழாக மனப்பாடம் ஆனது அப்படித்தான். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய்களில் கொழுப்புப் படிவது, குழாய் குறுகுவது, நடந்தால் வலிப்பது, உட்கார்ந்தால் விடுவது, ஒருநாள் அந்தப் படிவு வெடித்து ரத்தம் உறைந்து மொத்தமாக அடைப்பது: எல்லாவற்றையும் அந்தச் சுவரைப் பார்த்து ஒப்பித்திருக்கிறேன். அப்பா குழாய் வேலை செய்கிறவர், பிளம்பர். மறுநாள் காலையில், "ராத்திரி நீ படிச்சது நம்ம லைன் மாதிரியே இருக்கே" என்று தமாஷ் பண்ணுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெட்டியோடு வெளியே வந்தோம். வராந்தாவில் அப்பா அதை ஒருமுறை கீழே வைத்தார். லிஃப்ட் வாசலில் மறுபடி வைத்தார். தாடையைத் தேய்த்துக்கொண்டு, "இந்தப் பல்லு வலி ஒரு வாரமா படுத்துது" என்றார். பெட்டி தூக்கினால் எந்தப் பல் வலிக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் அப்போது என் மூளை முழுக்க யூனிஃபார்ம்தான் இருந்தது.

எங்கள் லிஃப்ட் பழைய காலத்துக் கம்பிக் கதவு லிஃப்ட். கையால் இழுத்து மூட வேண்டும். ஒரு மாடி கீழே இறங்கியதும் பைபாஸ் மாமா ஏறினார். அவருக்கு இதய ஆபரேஷன் ஆனதிலிருந்து கட்டடம் முழுக்க அவருக்கு அதுதான் பெயர். யார் மாட்டினாலும் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டிவிடுவார். "என்ன நர்சம்மா, பெட்டி படுக்கையோட கிளம்பியாச்சா?" என்றார். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. நான் கத்திய கத்தலுக்குத் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அடுத்த மாடியைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கியதும் விளக்கு அணைந்தது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"கரண்டு போச்சு" என்றார் பைபாஸ் மாமா, ஏதோ அவர்தான் கண்டுபிடித்தது போல.

எதிரே கம்பிகளுக்கு அப்பால் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். தலைக்கு மேலே, ஒரு முழம்கூட இல்லாத இடைவெளியில், நாங்கள் தாண்டி வந்த மாடியின் தரை தெரிந்தது. அங்கிருந்துதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது, அதுவும் எங்கள் முகம் வரை எட்டவில்லை. போனை எடுத்தேன். உள்ளே ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. சார்ஜும் சாகக் கிடந்தது. நான் கத்தினேன். கத்துவதில் என்னைக் குறை சொல்ல முடியாது. மேலே கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. காவல்காரரைக் கூப்பிடு, அவரிடம்தான் லிஃப்ட் மோட்டார் இருக்கிற மேல் அறைச் சாவி இருக்கிறது, அவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்று ஆளுக்கொரு குரல் கேட்டது.

நான் திரும்பியபோது அப்பா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. வாயு."

"எங்க வலிக்குது?"

அவர் விரலால் காட்டவில்லை. கையை மடக்கி, மூடிய முஷ்டியை நெஞ்சின் நடுவில் வைத்துத் தேய்த்தார். ஒரு விரலை நீட்டி 'இங்கேதான்' என்று காட்டுகிறவனைவிட, நெஞ்சில் முஷ்டியை வைக்கிறவனைப் பார்த்துத்தான் ஓட வேண்டும் என்று எங்கள் கொக்கி மேடம் சொல்லியிருக்கிறார். நாம் எந்தப் பதில் சொன்னாலும் அதன் நுனியில் இன்னொரு கேள்வியை மாட்டுவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

நெற்றியைத் தொட்டேன். சில்லென்று ஈரமாக இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயிலில் வேலை செய்து வரும் வியர்வை எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து துவைத்திருக்கிறேன். இது அது இல்லை.

"கைக்குப் பரவுதா?"

"தாடைக்கு. கொஞ்சம் இடது கைக்கு. பல்லுதான் சிட்டு, நீ வேற."

"முன்னாடி இந்த மாதிரி வந்திருக்கா?"

"மாடி ஏறினா வரும். கொஞ்சம் நின்னா போயிடும். இப்பதான் போக மாட்டேங்குது."

இதைத்தான் நான் அந்தச் சுவரைப் பார்த்துக் கத்திக் கத்திப் படித்தேன். உட்கார்ந்தால் விடுகிற வலி, குழாய் குறுகிவிட்டது என்று சொல்லும் எச்சரிக்கை. உட்கார்ந்தும் விடாத வலி என்றால் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது. வார்டில் என்றால் ஆக்சிஜன் அளவு பார்ப்பேன், ஈசிஜி எடுப்பேன், பெரிய டாக்டருக்குச் சொல்லி அனுப்புவேன். இங்கே என்னிடம் ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் தேய்த்து மடித்த யூனிஃபார்ம் இருந்தது.

மேலே பார்த்துக் கத்தினேன். "ஆம்புலன்சைக் கூப்பிடுங்க! அப்பாவுக்கு நெஞ்சு வலி! ஹார்ட் அட்டாக்குன்னு சொல்லுங்க!"

"ஏன்டி ஊரைக் கூட்டற?" என்றார் அப்பா. குரல் பாதிதான் வந்தது.

அவரைப் பெட்டியிலிருந்து இறக்கி, சுவரில் சாய்த்து, முழங்காலை மடக்கி உட்கார வைத்தேன். சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். பைபாஸ் மாமா ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மருந்து டப்பாவை எடுத்துவிட்டார்.

"நர்சம்மா, நகரு. இதை நாக்குக்கு அடியில வச்சா போதும். என்னை எத்தனை தடவை எமன்கிட்ட இருந்து இழுத்துட்டு வந்திருக்கு தெரியுமா? பட்டுனு கேக்கும்."

நைட்ரோகிளிசரின். குழாய்களை விரித்துக் கொடுக்கிற மாத்திரை. அவருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது. என் அப்பாவுக்கு யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. ரத்த அழுத்தம் பார்க்காமல், டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது என்று தெரியும். ஆனால் டாக்டர் எங்கே இருக்கிறார், நான் எங்கே இருக்கிறேன்? அப்பா மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது, உண்மையைச் சொன்னால் என்ன. மூன்று பேர் நிற்கிற கூண்டுக்குள் அது ஒன்றுதான் மருந்து மாதிரி இருந்தது.

"ஒரு நிமிஷம் மாமா. ஒரு கேள்வி கேக்கணும்."

அந்தக் கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை கொடுக்கும் முன், ஆண்கள் படுக்கைக்காகப் போடுகிற மாத்திரையை ஓரிரு நாளுக்குள் போட்டிருக்கிறாரா என்று கேட்டே ஆக வேண்டும். அதுவும் குழாயை விரிக்கும், இதுவும் விரிக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும். கொக்கி மேடம் இதைச் சொன்னபோது வகுப்பே கொல்லென்று சிரித்தது. "சிரிங்க. பேஷண்ட் சிரிக்க மாட்டான், செத்துடுவான்" என்றார். பிறகு ஒவ்வொருத்தியையும் எழுப்பி, கட்டிலில் கிடந்த பிளாஸ்டிக் பொம்மையிடம் அதைக் கேட்க வைத்தார். நாங்கள் எல்லோரும் பாடப்புத்தகத்தில் இருந்த நீளமான மருந்துப் பெயரை வைத்து ஒரே மூச்சில் கேட்டுவிட்டு உட்கார்ந்தோம். பொம்மை யாரையும் முறைக்கவில்லை. எல்லோருக்கும் மார்க் கிடைத்தது.

அதே மாதிரிதான் அப்பாவிடமும் கேட்டேன். அவர் முகத்தைப் பார்க்காமல், கம்பிக் கதவைப் பார்த்துக்கொண்டு, "அப்பா, பாஸ்போடைஎஸ்டரேஸ் இன்ஹிபிட்டர் ஏதாவது எடுத்தீங்களா, ரெண்டு நாளுக்குள்ள?" என்றேன்.

"அதெல்லாம் இல்லம்மா" என்றார்.

அப்பாடா என்று இருந்தது. கேட்டாகிவிட்டது. பைபாஸ் மாமா மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்தார். "வாயைத் தொறங்கப்பா, நாக்கைத் தூக்குங்க" என்றேன். அப்பா குழந்தை மாதிரி வாயைத் திறந்தார்.

என் விரல் அவர் உதட்டுக்கிட்டே போய் நின்றது. நான் என்ன கேட்டேன் என்று இந்த மனுஷனுக்கு எப்படிப் புரிந்திருக்கும்? குழாய், வால்வு, வாஷர் தவிர வேறு இங்கிலீஷ் பெயர் எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. புரியக் கூடாது என்றுதானே நான் அப்படிக் கேட்டேன்? பதில் வந்துவிடக் கூடாது என்று பயந்து, பதில் வர முடியாத மாதிரி கேட்டுவிட்டு, அவர் இல்லை என்று சொன்னதும் அப்பாடா என்று மூச்சு விடுகிறேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

கையை இழுத்துக்கொண்டேன்.

"அப்பா. ஆம்பளைங்க போடுவாங்களே... ராத்திரிக்குன்னு... அந்த மாத்திரை. போட்டீங்களா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். அவ்வளவு வலியிலும் அவர் முகம் எப்படி மாறியது என்று இன்னும் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. ஒரே அடியில் கதவைச் சாத்திக்கொண்டதுபோல ஆகிவிட்டார்.

"சீ. யார்கிட்ட என்ன கேக்கற?"

"போட்டிருந்தா இதைக் கொடுக்கக் கூடாதுப்பா. அதான் கேக்கறேன்."

"இல்லைன்னு சொல்றேன்ல!"

பைபாஸ் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. "என்னம்மா நீ, அவரு உயிருக்குத் துடிக்கிறாரு, நீ குறுக்கு விசாரணை பண்ற. உங்க அப்பா என்ன அந்த மாதிரி ஆளா? கொடு மாத்திரையை."

அந்த மாதிரி ஆள் என்றால் எந்த மாதிரி ஆள்? கல்யாணம் ஆகி மூன்று மாதம் ஆன ஆள். முதலில் சொன்ன இல்லை, புரியாமல் சொன்னது. இந்த இல்லை வேறு மாதிரி இருந்தது. வேகமாக வந்தது, என் கண்ணைப் பார்க்காமல் வந்தது. ஒருவேளை உண்மையாகவே இல்லையோ? அப்படியென்றால் நான் மாத்திரையைக் கொடுக்காமல் அவரைச் சாகவிடுகிறேன். பொய்யோ? அப்படியென்றால் கொடுத்துச் சாகவிடுகிறேன். அந்தக் கூண்டில் நான் நிற்க மீதி இருந்த இடம் ஒரு சாண்கூட இல்லை.

நோயாளி சொல்லவில்லை என்றால் வீட்டாரைக் கேட்க வேண்டும். இதுவும் பாடத்தில் இருக்கிறது.

மேலே பார்த்தேன். இடைவெளியில் கால்கள் மட்டும் தெரிந்தன. செருப்புக் கால், ஷூ கால், யாருடைய கால் என்று தெரியாத கால்கள். அவற்றுக்கு நடுவே செருப்பே இல்லாத இரண்டு கால்கள். இடது பெருவிரலில் பிளாஸ்திரி. காலையில் நான் போட்ட கூச்சலில் இஸ்திரிப் பெட்டி கை நழுவி விழுந்து சுட்ட விரல் அது. நான் அதைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி போனேன்.

"உங்களைத்தான்!" என்றேன்.

யாரை என்று கேட்காமலே அந்தக் கால்கள் மடங்கின. அந்தம்மா தரையில் அப்படியே குப்புறப் படுத்தார். இடைவெளியில் அவர் முகம் பக்கவாட்டில் தெரிந்தது, கன்னம் தரையில் அழுந்த.

"என்னம்மா? அவருக்கு எப்படி இருக்கு?"

"நான் ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லணும். நேத்து, முந்தாநேத்து, அப்பா அந்த மாத்திரை போட்டாரா? புருஷன் பொண்டாட்டி ஒண்ணா இருக்கறதுக்குன்னு ஆம்பளைங்க போடுறது. அது உடம்புல இருந்தா இங்க இருக்கற மருந்தைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தா போயிடுவாரு."

"சிட்டு!" அப்பா கத்தினார். கத்தியதில் இருமல் வந்துவிட்டது. "வாயை மூடு! நீ எதுவும் பேசாத, உள்ள போ!" கடைசி வார்த்தைகள் அந்தம்மாவுக்கு.

அத்தனை நேரம் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்த மொத்தக் கும்பலும் வாயடைத்துப் போய் நின்றது. ஒரு ஜோடி ஷூ பின்னால் நகர்ந்து, போகாமல் அங்கேயே நின்றது. அந்தம்மா எவ்வளவு கூச்சக்காரர் என்று எனக்குத் தெரியும். உள்ளாடையைக்கூட என் துணிக்கு அடியில் மறைத்துத்தான் காயப்போடுவார். இந்தக் கட்டடத்துக்கு வந்த மூன்று மாதத்தில் யாரிடமும் அவர் குரல் உயர்த்திப் பேசியதில்லை. ரகசியமாகச் சொன்னால் எனக்குக் கேட்காது. எனக்குக் கேட்கும்படி சொன்னால் எல்லோருக்கும் கேட்கும்.

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"போட்டாரு. நேத்து ராத்திரி. நான்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன்."

படிக்கட்டுப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சிரிக்கிறவங்க இறங்கி வந்து இவருக்கு ஈசிஜி எடுங்க பாப்போம்!" என்று கத்தினேன். கத்தும்போதுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அந்த மாத்திரையைப் பைபாஸ் மாமாவின் கையில் திருப்பித் திணித்தேன். அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "நான் போட்டிருப்பேனேம்மா. அவரு வாயில நானே போட்டிருப்பேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"மாமா, அப்புறமா வருத்தப்படலாம். ரத்தம் உறையாம இருக்கறதுக்குத் தினம் ஒரு மாத்திரை போடுவீங்களே, ஆஸ்பிரின், அது இருக்கா?"

இருந்தது. அப்பாவிடம் வயிற்றுப்புண் உண்டா, ரத்தம் கசிந்திருக்கிறதா, மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டேன். இந்தமுறை சுத்தத் தமிழில், முகத்தைப் பார்த்துக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றார். அட்டாக்குக்கு அந்தச் சின்ன மாத்திரை ஒன்று போதாது, நான்கை வாயில் போட்டு மென்று விழுங்கச் சொன்னேன். மென்றார். என்னைப் பார்க்கவில்லை.

அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். அப்பாவின் உதடு நீலம் பாரிக்கிறதா என்று பார்க்க எனக்கு வெளிச்சம் இல்லை. "லைட்டு! யாராவது லைட்டு காட்டுங்க!" என்றேன். அந்தம்மா போன் விளக்கைப் போட்டு, மாடிக் கதவு, லிஃப்ட் கதவு இரண்டின் கம்பிகளுக்கு நடுவிலும் கையை நுழைத்து, முழங்கை தாண்டி உள்ளே நீட்டிவிட்டார். அப்பாவின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. சாம்பல் பூத்த மாதிரி இருந்தது அந்த முகம். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி வேகமாக ஓடியது, ஆனால் ஓடியது.

மேலே யாரோ பதறினார்கள். "ஏங்க, கையை எடுங்க! கரண்டு வந்துட்டா லிஃப்ட் இறங்கும், கை துண்டாயிடும்!"

"இருட்டுல அவ என்ன பண்ணுவா?" என்றார் அந்தம்மா. கை அசையவில்லை.

"மெயினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க" என்று நான் கத்தினேன். சாவி இன்னும் வரவில்லை என்றார்கள். கீழே எந்த மாடியிலோ யாரோ ஒரு புண்ணியவான் லிஃப்ட் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான், அந்த டக் டக் சத்தம் குழிக்குள்ளிருந்து மேலே வந்துகொண்டே இருந்தது. அப்பா தலையைச் சுவரில் சாய்த்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு நடுங்கியது, கை வலித்திருக்கும். "அவளைப் போகச் சொல்லு" என்றார் என்னிடம்.

லிஃப்டின் விளக்கு ஒருமுறை மினுக்கென்றது. தலைக்கு மேலே ஏதோ உறுமியது.

"சித்தி! கையை எடுங்க!"

நான் யோசித்துச் சொல்லவில்லை. அந்த அவசரத்தில் "இந்தாங்க" என்றும் "உங்களைத்தான்" என்றும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கை பின்னால் போனது, போன் கம்பியில் இடித்து உள்ளே விழுந்தது, லிஃப்ட் குலுங்கி இறங்க ஆரம்பித்தது. அந்த இடைவெளி கண்ணெதிரே ஒடுங்கி, கோடாகி, சுவரானது. அவர் கை முழுசாக வெளியே போனதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கீழே போய்ச் சேரும்வரை நான் மேலே பார்த்து, "சித்தி, சித்தி" என்று கத்திக்கொண்டே வந்தேன். படிக்கட்டில் தடதடவென்று வெறுங்கால் இறங்கி வருகிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆம்புலன்சில் வந்த ஆள் நாக்குக்கு அடியில் அடிக்கிற அதே மருந்து ஸ்ப்ரேயை எடுத்தபோது நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் சித்தி சொல்லிவிட்டார். மருத்துவமனை வாசலில் டாக்டரிடம் மறுபடி சொன்னார், ஈசிஜி எடுக்க வந்த நர்சிடமும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் "நான்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன்" என்பதையும் சேர்த்தே சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்து, "யாரு கேட்டுக் கண்டுபிடிச்சது? நல்ல வேளை" என்றார். என் முதல் கேள்வி எப்படி இருந்தது என்று எனக்குத்தானே தெரியும்.

இதயத்தின் முன்பக்கத்துக்குப் போகிற பெரிய குழாயில்தான் அடைப்பு. தொடை வழியாகவோ கை வழியாகவோ கம்பியை விட்டு, அடைத்த இடத்தில் சின்ன வலைக்குழாய் ஒன்றை விரித்து வைப்பார்கள். அப்பாவுக்குக் கை வழியாக வைத்தார்கள். சாயங்காலம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். நர்ஸ் என்னை ஒரு நிமிஷம் உள்ளே விட்டாள்.

"பைப்பைப் பேக்காமலே உள்ள ஸ்லீவ் போட்டுட்டாங்களாமே" என்றார் அப்பா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

"ஆமாப்பா."

"நல்ல வேலைக்காரனுங்க." பிறகு, "சிட்டு, உன் முகத்துல எப்படி முழிப்பேன்னு தெரியல" என்றார்.

"முழிக்கற அளவுக்கு இருக்கீங்களே, அது போதும்" என்றேன். அவர் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அவர் அழுதார். மானிட்டரில் துடிப்பு ஏறுகிறது என்று நர்ஸ் என்னை வெளியே தள்ளினாள்.

வெளியே பெஞ்சில் சித்தி உட்கார்ந்திருந்தார். முழங்கையில் கம்பி உரசிய காயம் நீளமாக இருந்தது. என் கைக்குட்டையை நனைத்து அதைத் துடைத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? நீங்க எதுக்கு அதை வாங்கிட்டு வரச் சொன்னீங்க?"

"நான் சொல்லலைம்மா." அவர் மடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குத் தெரியவே தெரியாது. காலையில குப்பைக் கூடையில அட்டையப் பார்த்தேன். வயசாயிடுச்சுன்னு அவருக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் போல. எனக்குச் சிரிப்பாவும் இருந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க, அத்தனை பேருக்கு முன்னாடி?"

"அவரு போட்டாருன்னு மட்டும் சொன்னா எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரிப்பாங்க. அவரு அந்தக் கூண்டுக்குள்ள எங்க போயி ஒளிவாரு? நான் வெளியில இருந்தேன். என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

பிளாஸ்திரி போட்ட அந்தப் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ கொடுத்த பொருந்தாத செருப்பு ஒன்றைப் போட்டிருந்தார்.

"நீ ஹாஸ்டலுக்குப் போகணும்ல? நேரமாச்சு" என்றார் சித்தி. "உன் பெட்டி லிஃப்ட்லயே இருக்காம். பைபாஸ் மாமா போன் பண்ணாரு. யாரும் தொடலையாம். மத்தியானத்துல இருந்து ஏறி இறங்கிக்கிட்டே இருக்காம்."

"நீங்க?"

"அவருக்கு மாத்துத் துணி எடுக்கணும். வீட்டுக்குப் போயிட்டு வரணும்." போன் கண்ணாடியில் விழுந்திருந்த விரிசலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "அந்த மாடியெல்லாம் தாண்டி எப்படி ஏறிப் போவேன்னுதான் தெரியல. ஒவ்வொரு வாசல்லயும் ஆள் நிப்பாங்க."

நான் எழுந்து அவர் கையைப் பிடித்துத் தூக்கினேன்.

"லிஃப்ட்ல போலாம் சித்தி. எல்லா மாடியிலயும் நிறுத்தி நிறுத்திப் போலாம், யாரு சிரிக்கறாங்கன்னு பாத்துடலாம். நானும் வரேன். அப்படியே என் பெட்டியையும் மேல எடுத்துட்டுப் போயிடலாம்."